ஜூனில் பிறந்த ஜனவரி

ஜனுவேரியஸ் என்றொரு புனிதர் இருக்கிறார். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துக்குக் காவல். குப்பியில் காய்ந்து கிடக்கும் அவருடைய ரத்தம் வருஷத்தில் சில நாள் இளகி ஓடும் என்பது அந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை. அமெரிக்காவில், ஓஹாயோ மாநிலத்து நியூ லெக்சிங்டனுக்குப் பக்கத்துப் பட்டிக்காடு ஒன்றில், ஓர் அயர்லாந்துக் குடியானவர் அந்தப் பெயரைத் தன் மகனுக்கு வைத்தார். அதோடு நிற்காமல் அலோய்சியஸ் என்று இன்னொரு புனிதரையும் பிடித்துப் பின்னால் கட்டினார். ஜனுவேரியஸ் அலோய்சியஸ் மெக்கஹன். பிறந்த தேதி 1844 ஜூன் 12. ஜூனில் பிறந்த பிள்ளைக்கு ஜனவரி வாடையடிக்கும் பெயரை வைக்கிறோமே என்று வீட்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. பெயரிலேயே இடம் மாறிப்போன ஆள். பிற்பாடு ஆயுசு முழுக்கத் தான் இருக்கக் கூடாத இடமாகத் தேடிப்பிடித்துப் போய் நின்றதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். பையன் அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் வேலை செய்துகொண்டே கையில் கிடைத்ததையெல்லாம் படித்தான். நாலெழுத்து படித்த ஏழைப் பையனுக்கு எந்த நாட்டிலும் முதலில் கண்ணில் படுவது வாத்தியார் வேலைதான். சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பார்த்தான். வயசு போதாது, அனுபவம் போதாது என்று கையை விரித்துவிட்டார்கள். வேலை கொடுத்தால்தானே ஐயா அனுபவம் வரும் என்ற வாதம் நம்மூர் மாதிரியே அந்த ஊரிலும் எடுபடவில்லை. பக்கத்து மாநிலமான இண்டியானாவில் ஹண்டிங்டன் என்ற ஊர்க்காரர்கள் அவ்வளவு கறார் இல்லை. அங்கே போய்ப் பாடம் நடத்தினான். நன்றாகவே நடத்தினானாம். அப்புறம் ஒருநாள் சாக்பீசைக் கீழே வைத்துவிட்டு செயின்ட் லூயிஸ் நகரத்துக்குக் கிளம்பிவிட்டான். வகுப்பறைக் கதை இத்தோடு சரி. ஆனாலும் நமக்கு அவர் கடைசிவரை வாத்தியார்தான்.

செயின்ட் லூயிஸில் பிழைப்புக்குக் கணக்கு எழுதும் வேலை, ஆசைக்கு அவ்வப்போது பத்திரிகையில் எழுத்து. அங்கேதான் ஒரு சொந்தக்காரர் அகப்பட்டார். சாதாரணச் சொந்தம் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் குதிரைப்படையை நடத்திப் பேர் வாங்கிய ஜெனரல் ஃபிலிப் ஷெரிடன். குட்டை மனுஷர், பெரிய மீசை, இவர் பிறந்த அதே பெர்ரி கவுண்டியில் வளர்ந்தவர். எத்தனையாவது தலைமுறைத் தாயாதி என்று கேட்டால் இரண்டு பேருமே விழித்திருப்பார்கள். “ஐரோப்பாவுக்குப் போ, சட்டம் படி, உருப்படு” என்கிற ரீதியில் ஜெனரல் புத்தி சொன்னார். வாத்தியார் பிரஸ்ஸல்ஸுக்குப் போனார். சட்டம் எவ்வளவு ஏறியதோ, பிரெஞ்சும் ஜெர்மனும் நன்றாக ஏறின. கூடவே கையிருப்பும் கரைந்தது. ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று இருந்த சமயத்தில், 1870 ஜூலையில், பிரான்ஸும் பிரஷ்யாவும் பெரிய மனசு பண்ணி ஒன்றையொன்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தன.

ஷெரிடன் அப்போது பிரஷ்ய முகாமில் இருந்தார். அவருக்கு அது வேடிக்கை பார்ப்பதையே உத்தியோகமாகக் கொண்ட பயணம். ஒரு வார்த்தை சொன்னார். நியூயார்க் ஹெரால்டு பத்திரிகையில் போர் நிருபர் வேலை கிடைத்தது. சிபாரிசு கேவலம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்கலாம். உள்ளூர்ப் பள்ளியில் தகுதியை மட்டும் வைத்துக்கொண்டு வேலை கேட்டவருக்குக் கிடைத்த பதில் என்ன என்று பார்த்தோம்.

முதலாளி ஜேம்ஸ் கார்டன் பென்னட், அப்பாவின் சொத்தாகப் பத்திரிகையை அடைந்த மகாப் பிரபு. ஆப்பிரிக்கக் காட்டில் காணாமல் போன லிவிங்ஸ்டனைத் தேடிப் பிடிக்க ஸ்டான்லியை அனுப்பியவர் இவர்தான். 1877 புத்தாண்டு அன்று, கல்யாணம் நிச்சயமான பெண்ணின் வீட்டு விருந்துக்குத் தண்ணியைப் போட்டுவிட்டுப் போய், விருந்தாளிகள் கண்ணெதிரில் கணப்பு அடுப்பில் சிறுநீர் கழித்தார் என்பார்கள். கல்யாணம் நின்றது. பிரபு பாரிஸுக்குக் குடிபெயர்ந்து அங்கிருந்தே பத்திரிகை நடத்தினார். இந்த மாதிரி ஆளிடம் வேலை பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. எவ்வளவு பைத்தியக்காரத்தனமான யோசனையைச் சொன்னாலும் “செலவுக்கு எவ்வளவு வேண்டும்?” என்றுதான் கேட்பார்.

தோற்று ஓடிய பிரெஞ்சுப் படையோடு வாத்தியார் பனியில் நடந்தார். தோல்விக்குப் பிறகு போர்தோவில் விக்தர் ஹ்யூகோ வரைக்கும் போய்ப் பேட்டி எடுத்தார். 1871இல் பாரிஸ் தொழிலாளர்கள் கம்யூன் அமைத்து நகரத்தைக் கையில் எடுத்தபோது, புத்தியுள்ளவர்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். இவர் உள்ளேயே இருந்துகொண்டார். கம்யூனின் படைத் தளபதி தொம்ப்ரோவ்ஸ்கியோடு சிநேகம் வேறு. அரசுப் படை நகரத்துக்குள் புகுந்து, கையில் அழுக்கு இருந்தவனையெல்லாம் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக்கொண்டிருந்த வாரத்தில் இவரும் பிடிபட்டார். அமெரிக்கத் தூதர் தலையிட்டு மீட்டார். இந்தத் தூதர் தலையிடும் காட்சி பிறகும் வரும். அந்தக் காலத்து அமெரிக்கத் தூதர்களின் வேலைகளில் ஒன்று மெக்கஹனை எங்கிருந்தாவது வெளியே எடுப்பது.

பாரிஸ் ஓய்ந்ததும் ரஷ்யா. கருங்கடல் ஓரத்து யால்தாவில் ரஷ்யப் பெரிய மனிதர்கள் காற்று வாங்கும் இடத்தில் வர்வாரா எலாகினா என்ற பெண்ணைப் பார்த்தார். அவருக்கு ரஷ்யன் தகராறு, அவளுக்கு ஆங்கிலம் தகராறு. நடுவில் பிரெஞ்சு இருந்தது, அது இந்த மாதிரிக் காரியங்களுக்கென்றே ஏற்பட்ட பாஷை. 1873 ஜனவரியில் பாரிஸில் கல்யாணம். ஜனவரிக்கு ஜனவரியிலாவது ஒன்று நடந்ததே.

கல்யாணமான புது மாப்பிள்ளை அடுத்த சில மாதத்தில் என்ன செய்வார்? இவர் பாலைவனத்துக்குப் போனார்.

விஷயம் இதுதான். மத்திய ஆசியாவில் கீவா என்றொரு கான் ஆட்சி. சுற்றிலும் மணல், நடுவில் ஆமு தரியா ஆறு, அந்தத் தைரியத்தில் அடிமை வியாபாரம். ரஷ்யா அதைப் பிடிக்கப் படை திரட்டியது. ஜெனரல் காஃப்மன் தலைமை. நிருபர்களுக்கு அனுமதி இல்லை என்று உத்தரவு. நம் வாத்தியார் அந்த உத்தரவைப் படித்துவிட்டு, அதில் தன் பெயரைக் குறிப்பாகச் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருக்க வேண்டும். அமெரிக்கத் தூதரகத்து யூஜின் ஸ்கைலரும் அந்தத் திசையில் பயணம் கிளம்பினார். அவரோடு ஒட்டிக்கொண்டு சிர் தரியா ஆற்றங்கரைக் கோட்டைகள் வரை போய்விட்டார். அங்கே ஸ்கைலரின் வழி வேறு, இவர் வழி வேறு. கோட்டை அதிகாரிகள் “மேலிடத்து அனுமதி எங்கே?” என்றார்கள். கேட்டு எழுதினால் பதில் வருவதற்குள் சண்டையே முடிந்துவிடும். அனுமதி கேட்காமல் இருப்பதுதான் அனுமதி பெறுவதற்குச் சுருக்கு வழி என்று முடிவு கட்டிக் குதிரை ஏறினார்.

முன்னால் கிசில்கும் பாலைவனம். காஃப்மனின் படை எங்கேயோ மணலுக்கு நடுவில் இருந்தது. எங்கே என்று யாருக்கும் தெரியாது. கூட வந்தது ஒரு கிழட்டுத் தாத்தார் துபாஷி, ஒரு வழிகாட்டி, எடுபிடிக்கு ஒரு பையன். வாத்தியார் கொண்டுபோன சாமான் பட்டியலை அவரே பிறகு எழுதி வைத்தார். இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கி, இரட்டைக் குழல் ரவைத் துப்பாக்கி, மறுபடி மருந்து திணிக்காமல் 18 தரம் சுடும் வின்செஸ்டர், மூன்று கனத்த ரிவால்வர்கள், போதாததற்குக் கத்திகள், வாள்கள். இவ்வளவையும் வரிசைப்படுத்திவிட்டுத் தனக்குச் சண்டை போடும் எண்ணம் துளியும் இல்லை என்று முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு சொல்கிறார். வழியுரிமை, சொத்துரிமை பற்றிப் பாலைவனவாசிகளுக்குச் சில தனிப்பட்ட கொள்கைகள் உண்டாம். அவர்களோடு கண்ணியமாக விவாதிக்க இதெல்லாம் தேவைப்படுமாம். நிலத் தகராறில் வக்கீலை வைக்கும் முன்பு வேல்கம்பை எடுக்கும் வட்டாரங்களில் இந்த வாதம் சுலபமாகப் புரியும். பிரஸ்ஸல்ஸில் படித்த சட்டம் முற்றிலும் வீண்போகவில்லை என்றும் தெரிகிறது.

ஏறத்தாழ ஒரு மாதம் மணலில் அலைந்தார். பின்னால் அவரைப் பிடித்துவரச் சொல்லி அனுப்பிய கொசாக் குதிரைவீரர்கள். முன்னால் எங்கே இருக்கிறது என்று தெரியாத ரஷ்யப் படை. துபாஷி நாள்தோறும் புலம்பினார். குதிரைகள் தண்ணீரில்லாமல் துவண்டன. வழியில் இருந்த ரஷ்ய முகாம் ஒன்றில் ஒரு கர்னல் இவரை மேலே போக விடமாட்டேன் என்று மடக்கினார். இருட்டில் அங்கிருந்தும் நழுவினார். கூடாரக் குடிகளான கிர்கிஸ் மக்கள் மட்டும் எந்தக் காகிதமும் கேட்காமல் ஆட்டுக்கறியும் பாலும் கொடுத்து இடம் கொடுத்தார்கள். அவர்கள் மேல் இவருக்கு ஆயுசுக்கும் பிரியம்.

கடைசியில் ஒருநாள் தூரத்தில் பீரங்கிச் சத்தம். வேறு யாராயிருந்தாலும் குதிரையை அந்தப் பக்கம் திருப்பியிருக்க மாட்டார்கள். இவர் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போய் ஆமு தரியா கரையில் காஃப்மன் முன்னால் தூசியும் தாடியுமாக நின்றார். சைபீரியாவுக்கு அனுப்பியிருக்கலாம். அந்தப் பாலைவனத்தில் அதே பாடுபட்டு வந்த ஜெனரலுக்கு அது தோன்றவில்லை. “பலே ஆள்” என்று ரஷ்ய மொழியில் ஒரு ஷொட்டுக் கொடுத்துப் படையோடு வரச் சொல்லிவிட்டார். ஜூன் மாதம் கீவா விழுந்தது. கான் ஓடிப்போனார். இரவு எல்லோரும் தூங்கியதும் வாத்தியார் மெதுவாக எழுந்து கானின் அந்தப்புரத்துக்குள் நுழைந்து, அங்கிருந்த பெண்களோடு உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்தார். டீ மட்டும்தான் என்பது அவர் எழுதிய புத்தகத்தின்படி. புதுப் பெண்டாட்டி படிக்கப்போகும் புத்தகம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அங்கேதான் மிகயீல் ஸ்கோபெலெவ் என்ற இளம் அதிகாரியோடு நெருங்கிய நட்பு உண்டானது. வெள்ளைச் சீருடை, வெள்ளைக் குதிரை, குண்டு மழையில் சென்ட் பூசிக்கொண்டு போகிற ரகம். கீவா விழுந்த பிறகு, யோமுத் துருக்மேனியர் மேல் காஃப்மன் ஏவிவிட்ட வேட்டையையும் வாத்தியார் பார்த்தார். ஓடிய குடும்பங்கள், எரிந்த வண்டிகள், வெட்டப்பட்டவர்கள் எல்லாவற்றையும் எழுதினார். எழுதினார், ஆனால் உப்புத் தின்ற வீட்டைப் பற்றி எழுதுகிற தயவு அதில் இருக்கிறது. இதை மறக்காமல் வைத்துக்கொள்வோம். மூன்று வருஷம் கழித்து வேறொரு படை வேறொரு ஊரில் செய்ததைப் பற்றி எழுதும்போது அந்தத் தயவு துளியும் இருக்காது.

நடுவில் ஸ்பெயின் போய், அரியணை கேட்ட டான் கார்லோஸ் கட்சிக் கலகக்காரர்களோடு மாதக்கணக்கில் மலை ஏறினார், பிடிபட்டார், அமெரிக்கத் தூதர் மீட்டார். 1875இல் ‘பண்டோரா’ என்ற கப்பலில் வடதுருவப் பனிக்கடலுக்குப் போனார். பனி வழிவிடவில்லை, திரும்பினார்கள். அதே கப்பலைப் பின்னால் பென்னட் வாங்கி ‘ஜீனெட்’ என்று பெயர் மாற்றி மறுபடி துருவத்துக்கு அனுப்ப, 1881இல் பனி அதை நசுக்கி விழுங்கியது. வாத்தியார் ஏறி இறங்கிய வாகனம் எதற்கும் நல்ல முடிவு இருந்ததாகத் தெரியவில்லை.

1876க்கு வருவோம். இனிமேல் கொஞ்ச தூரத்துக்குச் சிரிப்பு குறையும்.

பல்கேரியா அப்போது துருக்கிய சுல்தானின் ஆட்சியில். ஏப்ரலில் ஒரு கலகம் வெடித்தது. சின்னக் கலகம், செர்ரி மரத்தைக் குடைந்து பீரங்கி செய்துகொண்ட அளவுக்கு ஏழைக் கலகம். அதை அடக்க பாஷி-பசூக் என்ற கூலிப்படை அவிழ்த்துவிடப்பட்டது. கிராமம் கிராமமாக வெட்டியும் எரித்தும் தள்ளினார்கள். ஜூனில் லண்டன் டெய்லி நியூஸில், கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்த எட்வின் பியர்ஸ் எழுதிய முதல் செய்தி வந்தது.

பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலிக்கு ரஷ்யாவைத் தடுக்கத் துருக்கி தேவை. துருக்கியைப் பற்றிக் கெட்ட செய்தி வந்தால் அது செய்தியின் தப்பு. எல்லாம் காப்பிக்கடை வம்பு என்று நாடாளுமன்றத்தில் தள்ளிவிட்டார். கிழக்கத்திக்காரர்கள் சித்திரவதை எல்லாம் செய்வதில்லை, ஆளைச் சட்டென்று தீர்த்துவிடுவார்கள் என்ற பொருளில் ஒன்று சொல்ல, சபை சிரித்தது. நாவல் எழுதுகிறவர் பிரதமர் ஆனால் இந்த ஆபத்து உண்டு. வசனம் நன்றாக வந்துவிட்டால் வாயை மூட முடிவதில்லை.

காப்பிக்கடை வம்பா இல்லையா என்று காப்பிக்கடையில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. டெய்லி நியூஸ் மெக்கஹனை அனுப்பியது. பழைய சகா ஸ்கைலர் அப்போது கான்ஸ்டாண்டிநோபிளில் அமெரிக்கத் தூதரக அதிகாரி. அவரும் விசாரிக்கக் கிளம்பினார். இரண்டு பேரும் சேர்ந்து ஜூலைக் கடைசியில் பல்கேரியாவுக்குள் போனார்கள். ரோதோபி மலைகளில் பதக் என்ற கிராமம். மே மாதம் நடந்த படுகொலை. ஆகஸ்டு தொடக்கத்தில் இவர்கள் போய்ச் சேர்ந்தபோதும் பிணங்கள் அப்படியே கிடந்தன. மாதாகோயில் முற்றத்தில் குவியல். மண்டை ஓடுகள், பெண்களின் நீண்ட கூந்தல், குழந்தைகளின் துணி. உயிர் பிழைத்தவர்கள் இடிபாட்டில் உட்கார்ந்து மாரடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குள் ஒளிந்த பெண்களையும் குழந்தைகளையும் கட்டடத்தோடு கொளுத்தியிருந்தார்கள்.

அவர் அனுப்பிய அறிக்கையை இன்றைக்குப் படித்தாலும் ஓரிடத்தில் பழைய வாத்தியார் எட்டிப் பார்ப்பது தெரியும். பிணங்களுக்கு நடுவே நின்றுகொண்டு அந்த மனுஷன் பள்ளிக்கூடங்களைப் பற்றி எழுதுகிறார். இந்தக் குடியானவர்கள் காட்டுமிராண்டிகள் என்று லண்டனில் நினைக்கிறார்கள். கிராமத்துக்குக் கிராமம் சொந்தச் செலவில் பள்ளி கட்டி வைத்திருக்கிறார்கள், எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளை அபூர்வம் என்கிறார். கொலையை விவரிக்க ஆயிரம் பேர் கிடைப்பார்கள். கொல்லப்பட்டவன் எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று குறித்துக்கொள்ள ஹண்டிங்டன் பள்ளியில் வருகைப்பதிவு எடுத்த ஆள் வேண்டியிருந்தது. பதக்கில் வெட்டியவர்களுக்குத் தலைவனாக வந்தவனுக்குச் சுல்தான் அரசு பதக்கம் குத்தியிருந்தது. அதையும் விடாமல் எழுதினார்.

ஆகஸ்டு முழுவதும் லண்டனில் இதே பேச்சு. பிரிட்டிஷ் அரசே அனுப்பிய பேரிங் என்ற அதிகாரியின் கணக்கில் சுமார் 12,000 பேர் செத்திருந்தார்கள். ஸ்கைலர் கணக்கு 15,000. அரசியலை விட்டு ஒதுங்கி மரம் வெட்டிப் பொழுதுபோக்கிக்கொண்டிருந்த முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டன், முதுகுப்பிடிப்போடு படுக்கையில் கிடந்தபடியே ஒரு துண்டுப் பிரசுரம் எழுதி செப்டம்பர் 6 அன்று வெளியிட்டார். ஒரு மாதத்துக்குள் 2,00,000 பிரதி போயிற்று. பல்கேரியக் கொடுமைகள் எல்லாவற்றிலும் பெரிய கொடுமை இந்தப் பிரசுரம்தான் என்றார் டிஸ்ரேலி. சொன்னேனே, வாயை மூட முடிவதில்லை.

இங்கே நம் பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. பல்கேரியாவுக்காக லண்டன் கண்ணீர் விட்ட அதே 1876தான் நமக்குத் தாது வருஷப் பஞ்சம். அதே டிஸ்ரேலி அரசு, அவர் அனுப்பிய லிட்டன் பிரபு இங்கே வைஸ்ராய். சென்னை ராஜதானியில் ஜனங்கள் சாலையோரம் விழுந்து செத்துக்கொண்டிருக்க, 1877 ஜனவரி 1 அன்று விக்டோரியாவைச் சக்கரவர்த்தினி என்று அறிவிக்க டெல்லியில் தர்பார் விருந்து நடந்தது. நிவாரண வேலையில் மண் சுமந்தவனுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். எழுதியவர்கள் இருந்தார்கள்; மெட்ராஸ் டைம்ஸின் வில்லியம் டிக்பி தொண்டை வறளக் கத்தினார். ஆனால் துருக்கிக்காரன் செய்தால் கொடுமை, கணக்குப் பிள்ளை செய்தால் சிக்கனம். திருவல்லிக்கேணியில் நம்முடைய வாத்தியார்கள் சிலர் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கிப் பத்திரிகை அச்சடிக்க இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருந்தது.

பல்கேரியாவுக்குத் திரும்புவோம். வாத்தியார் எழுதியதன் விளைவு எளிமையானது. 1877 ஏப்ரலில் ரஷ்யா துருக்கி மேல் படையெடுத்தபோது, துருக்கிக்குக் கைகொடுக்க டிஸ்ரேலியால் முடியவில்லை, ஜனங்கள் விடமாட்டார்கள். ரஷ்யாவுக்குத் தர்ம ஆவேசம் பொங்கிவிட்டது என்று நம்பத் தேவையில்லை. யோமுத் குடும்பங்களைத் துரத்திய அதே ராணுவம், அதே ஸ்கோபெலெவ், இந்தத் தடவை விடுதலை வீரர்களாக டான்யூப் நதியைத் தாண்டினார்கள். வரலாறு வேஷத்தை மாற்றும். நடிகர்களை மாற்றச் செலவாகும் போலிருக்கிறது.

வாத்தியாருக்கு அப்போது குதிரையிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டுப் படுக்கச் சொன்னார் டாக்டர். மாவுக்கட்டு போட்டுக்கொண்டார், படுக்கவில்லை. கட்டோடு குதிரை ஏறினார், முடியாதபோது எந்த வண்டி கிடைத்ததோ அதில் ஏறிக்கொண்டார். ஷிப்கா கணவாய், பிளெவ்னா முற்றுகை எல்லாவற்றுக்கும் இப்படி நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அவரோடு சுற்றிய நிருபர்களில் ஃபிரான்சிஸ் மில்லெட் என்ற ஓவியர் ஒருவர். இந்தப் போரில் அத்தனை குண்டுக்கும் தப்பி, 1912இல் சொகுசாக ஊர் திரும்பலாம் என்று டைட்டானிக் கப்பலில் டிக்கெட் எடுத்தார். சிலருக்கு ராசி அப்படி.

டிசம்பரில் பிளெவ்னா விழுந்தது. ரஷ்யப் படை கான்ஸ்டாண்டிநோபிள் வாசலுக்கே வந்தது. 1878 மார்ச் 3 அன்று சான் ஸ்டெஃபானோவில் ஒப்பந்தம். பெரிய பல்கேரியா ஒன்று காகிதத்தில் பிறந்தது. இவர் போன கிராமங்களில் ஜனங்கள் சூழ்ந்துகொண்டு கையை முத்தமிட்டார்களாம். எல்லாம் முடிந்து ஊர் அமைதியாயிற்று. அமைதிதான் இவருக்கு ஒத்துக்கொள்ளாது. போர் முடிந்த முகாம்களில் காய்ச்சல் பரவியது. ரஷ்யப் படையோடு இருந்த அமெரிக்க ராணுவப் பிரதிநிதி லெப்டினன்ட் ஃபிரான்சிஸ் கிரீன் அதில் விழுந்தார். பெர்லினில் ஐரோப்பிய வல்லரசுகளின் மாநாடு கூட இருந்தது; வாத்தியார் அதற்குப் புறப்பட வேண்டியவர். போகாமல் நண்பரின் கட்டிலருகே உட்கார்ந்து பணிவிடை செய்தார். கிரீன் எழுந்துவிட்டார். இவர் படுத்தார். கம்யூனும் கிசில்கும்மும் பனிக்கடலும் சிறைகளும் செய்ய முடியாததை ஒரு விஷக்காய்ச்சல் ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாமல் செய்துவிட்டது. 1878 ஜூன் 9. இன்னும் மூன்று நாள் இருந்திருந்தால் 34 முடிந்திருக்கும்.

கான்ஸ்டாண்டிநோபிளில் புதைத்தார்கள். குண்டு மழையில் சென்ட் பூசும் ஸ்கோபெலெவ் சவக்குழி ஓரத்தில் குழந்தை மாதிரி அழுதார் என்கிறார்கள். நாலு நாள் கழித்து, ஜூன் 13 அன்று, பெர்லின் மாநாடு கூடியது. டிஸ்ரேலியும் பிஸ்மார்க்கும் மற்றவர்களும் ஒரு மாதம் உட்கார்ந்து சான் ஸ்டெஃபானோ பல்கேரியாவைப் பிரியாணிப் பொட்டலம் மாதிரிப் பிரித்து, ஒரு பெரிய பங்கைச் சுல்தானுக்கே திருப்பிக் கட்டிக் கொடுத்தார்கள். வாத்தியார் உயிரோடு அங்கே போயிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று தெரியாது. அவரை உள்ளே விடக்கூடாது என்று முதலில் ஒரு உத்தரவு போட்டிருப்பார்கள், அவர் உள்ளே போயிருப்பார்.

செத்த பிறகும் ஓரிடத்தில் இருக்கவில்லை. ஆறு வருஷம் கழித்து ஓஹாயோக்காரர்களுக்குத் தங்கள் பிள்ளை ஞாபகம் வந்தது. 1884இல் ‘பவ்ஹாட்டன்’ என்ற போர்க்கப்பல் சவப்பெட்டியைக் கொண்டுவந்தது. ஜப்பானின் கதவைத் தட்டித் திறக்கப் போன தளபதி பெர்ரி ஏறிய கப்பல் அது. நியூயார்க் நகர மண்டபத்தில் மரியாதைக்கு வைத்தார்கள், கொலம்பஸ் நகரச் சட்டசபைக் கட்டடத்தில் வைத்தார்கள், செப்டம்பரில் ஒரு வழியாக மண்ணுக்குள் வைத்தார்கள். கல்லில் ‘பல்கேரியாவின் விடுதலைவீரர்’ என்று பட்டம். ஒருநாள்கூடப் படையில் இல்லாதவருக்கு அந்தப் பட்டம் கொஞ்சம் அதிகம்தான்.

ஸ்கோபெலெவ் 1882இல் போனார். மாஸ்கோ ஹோட்டல் அறை ஒன்றில், ஒரு தாசியின் துணையோடு இருந்தபோது மாரடைப்பு என்பது ஊரறிந்த ரகசியம். காய்ச்சலிலிருந்து எழுந்த கிரீன் நீண்ட நாள் இருந்தார். நடந்த போரைப் பற்றித் தடிமனாகப் புத்தகம் எழுதினார், 1903இல் நியூயார்க் போலீஸ் கமிஷனர் ஆனார். வர்வாரா சின்ன மகனைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குக் குடிபோனார். புருஷன் விட்டுப்போனது பெரிய சொத்தில்லை, தொழில் இருந்தது. நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு ரஷ்யப் பத்திரிகைகளுக்கு அமெரிக்காவைப் பற்றி எழுதிப் பிள்ளையை வளர்த்தார். முழுசாக இருபது வருஷத்துக்கு மேல் அந்த வேலையைப் பார்த்தார். புருஷன் பார்த்தது எட்டே வருஷம்.